சந்திர வாக்கியம்

நிலவு ஒவ்வொரு நாளும் ராசி மண்டலத்தில் எத்தனை பாகை நகர்ந்திருக்கும் என்பதை எழுத்துகளில் பொதித்துச் சொல்லும் 248 சிறு தொடர்களின் தொகுப்பே சந்திர வாக்கியம். கேரளத்திலும் தமிழகத்திலும் பஞ்சாங்கம் கணித்தவர்கள் இவற்றை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரும் இதிலிருந்துதான் வந்தது. முனிவர் வாக்கு என்று இதை வணங்குவோர் இருக்கிறார்கள். காலாவதியான கணக்கு என்று ஒதுக்குவோரும் இருக்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் இரு சாராரும் முக்கியமான ஒன்றைக் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. கிரகண நாள்களை உரைகல்லாக வைத்துத் தீட்டப்பட்ட கணக்கு இது. கிரகணத்தை இது ஓரளவு சரியாகச் சொல்வதற்கும் அஷ்டமியில் தவறுவதற்கும் அதுவே காரணம்.

நிலவு சீரான வேகத்தில் செல்வதில்லை. பூமியை அது நீள்வட்டத்தில் சுற்றுகிறது. மிக நெருங்கும்போது தொலைவு சுமார் 3,63,000 கிலோமீட்டர், மிக விலகும்போது சுமார் 4,05,000 கிலோமீட்டர். நெருக்கத்தில் வேகம் கூடும், விலகலில் குறையும். மிகத் தொலைவான அந்த இடத்தைப் பழைய நூல்கள் உச்சம் என்றன. விண்மீன்களை அடையாளமாகக் கொண்டால் நிலவின் ஒரு சுற்றுக்கு 27.32 நாள். உச்சமும் மெல்ல நகர்வதால், உச்சத்திலிருந்து மறுபடி உச்சத்துக்கு வர 27.55 நாள் ஆகிறது. முழு நாளாக இல்லாத இந்தப் பின்னம் கணிப்பவருக்குத் தொல்லை. ஆனால் ஒன்பது சுற்றுகளைச் சேர்த்தால் 247.99 நாள் வருகிறது. 248 முழு நாளுக்குப் பதின்மூன்று நிமிடம்தான் குறைவு. ஆகவே 248 நாளுக்கு நிலவின் இடத்தைக் கணித்து வைத்துவிட்டால், அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பதின்மூன்று நிமிடம் சேர்ந்து பெருகாதபடி தடுக்கப் பெரிய சுழற்சிகள் இருந்தன: 110 சுற்றுக்கு 3,031 நாள், 449 சுற்றுக்கு 12,372 நாள். முதலாவதில் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் அழகு புரியும். நிலவு உச்சத்தில் நின்ற ஒரு நாளிலிருந்து 10,000 நாள் கடந்திருப்பதாகக் கொள்வோம். அதில் 3,031ஐ மூன்று முறை கழித்தால் மிச்சம் 907. அதிலிருந்து 248ஐ மூன்று முறை கழித்தால் 163. இனி 163ஆம் வாக்கியத்தை நினைவிலிருந்து எடுத்து, கழித்த ஒவ்வொரு சுழற்சிக்கும் உரிய பாகையைக் கூட்டினால் போதும். 248 நாள் சுழற்சி ஒன்றுக்கு அது 27 பாகை 44 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை). வாக்கியங்களில் எண்கள் கடபயாதி முறையில் ஒளிந்திருக்கின்றன. ககர வரிசையின் மூன்றாம் எழுத்துக்கு 3, நகரத்துக்கு 0, ரகரத்துக்கு 2, யகரத்துக்கு 1. இந்த நான்கும் இதே வரிசையில் வரும் தொடரை வலமிருந்து இடமாகப் படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை. முதல் வாக்கியம் தரும் மதிப்பு இதுதான். நிலவின் சராசரி நாள்நடை 13 பாகை 11 கலை. உச்சத்தை ஒட்டிய முதல் நாளில் அதைவிட ஒரு பாகைக்கு மேல் குறைத்துச் சொல்லியிருப்பதிலிருந்தே, இதை வகுத்தவர்கள் நிலவின் நடையைக் கூர்ந்து அளந்தவர்கள் என்பது விளங்கும்.

மரபு இவ்வாக்கியங்களை வரருசி என்ற பழங்காலக் கணிதரின் பெயரில் வைக்கிறது. 248 என்ற எண்ணோ இன்னும் தொலைவிலிருந்து வருகிறது. பாபிலோனியக் களிமண் பலகைகளில் அது இருக்கிறது. எகிப்தில் கிடைத்த, கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றில் 248, 3,031 இரண்டும் கையாளப்படுகின்றன. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பஞ்ச சித்தாந்திகையும் இவ்விரண்டையும் அறிந்திருந்தது. இதைக் காட்டி, வாக்கிய முறை வெறும் இரவல் என்று வாதிடலாம். எண் இரவலாக வந்திருக்கலாம். அதை எழுத்தில் பொதித்து, ஏடு புரட்டாமல் கணிக்கும் முறையாக வளர்த்தது தென்னிந்தியாதான். 14ஆம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர் 248 வாக்கியங்களையும் விகலை அளவுக்குத் திருத்தினார். 248 நாளில் ஒன்பது சுற்று என்ற உறவையே பிடித்துக்கொண்டு, ஒரே நாளில் ஒன்பது வேளைகளில் நிலவின் இடத்தைச் சொல்லும் வழியையும் வேண்வாரோகம் என்ற நூலில் தந்தார். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்களுக்கு அடிப்படையான வாக்கியகரணம், கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாளில் முதலில் 16,00,984ஐக் கழிக்கச் சொல்கிறது. அந்த நாள் கி.பி. 1282இல் விழுகிறது. யாரோ ஒருவர் கணக்கின் தொடக்கத்தைத் தம் காலத்துக்குக் கொண்டுவந்து சீர்செய்திருக்கிறார் என்பதற்கு இது சான்று. இரவல் பண்டத்தை அப்படியே பூட்டி வைத்தவர்கள் இத்தனை திருத்தம் செய்திருக்க மாட்டார்கள்.

ஐரோப்பியர் இம்முறையைச் சந்தித்தது புதுச்சேரியில். வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தியை 1769 ஜூன் 4 அன்று மேகம் ஏமாற்றியது. ஆனால் அங்கே தங்கியிருந்த நாளில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகவும், ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான மேயருடையது 68 விநாடி அதிகமாகவும் சொன்னதாக அவர் பதிவு செய்தார். இந்த 41 விநாடியைப் பிடித்துக்கொண்டு பெருமை பேசுவது தவறு. ஒரே ஒரு கிரகணத்தில் கிடைத்த பொருத்தம் அது. 1825இல், தென்னிந்தியக் காலக்கணக்கை ஆராய்ந்த ஜான் வாரன் புதுச்சேரியில் இன்னொரு கணிதரைக் கண்டார். எழுதுகோல் இல்லை, தாள் இல்லை. தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனத்திலிருந்த அட்டவணைகளை எடுத்து, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 நள்ளிரவுக் கிரகணத்தை அவர் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகின. நிலவு தன் அகலத்தைக் கடக்கச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே நடுக்கணத்தின் பிழை நிலவின் பாதி அகலத்துக்கும் குறைவு. தூய நினைவாற்றலால் இவ்வளவு நெருங்கியது எனக்கு 41 விநாடியைவிடப் பெரிய சாதனையாகப் படுகிறது.

அந்தக் கணிதருக்கு வானியல் கொள்கை எதுவும் தெரியாது என்று வாரனே எழுதினார். புரியாமல் ஒப்பிப்பது அறிவாகுமா என்ற கேள்வி நியாயமானது. ஒரு மனிதருக்குப் புரியாவிட்டாலும், அவர் கையாளும் முறைக்குள் புரிதல் இருக்க முடியும் என்பதே என் விடை. லாகரிதம் அட்டவணையைப் புரட்டிய பொறியாளர் எல்லோரும் அதை வகுக்கத் தெரிந்தவர்கள் அல்லர். இதில் இழப்பும் உண்டு. காரணம் தெரியாதவர் கணக்கை ஒப்பிக்க முடியும், திருத்த முடியாது. 1282இல் தொடக்க நாளை மாற்றியவருக்குத் தெரிந்தது 1825இன் கணிதருக்குத் தெரியவில்லை.

திருத்த வேண்டியிருந்தது என்ன? நிலவு சராசரி இடத்திலிருந்து முன்னும் பின்னும் விலகும் அளவு எப்போதும் ஒன்றல்ல. சூரியனின் ஈர்ப்பு நிலவின் பாதையை மாற்றிக்கொண்டே இருப்பதால், அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அந்த விலகல் அதிகபட்சம் சுமார் 5 பாகை. அஷ்டமியை ஒட்டிய அரைநிலவு நாள்களில் அதுவே ஏழரைப் பாகை வரை போகும். கிரகணம் நிகழ்வது அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டுமே. கிரகணத்தைப் பார்த்துக் கணக்கைச் சரிபார்த்தவர்கள் கண்ணில் 5 பாகைதான் பட்டிருக்கும். வாக்கியங்களிலும் அதுவே இருக்கிறது. இந்த இரண்டாம் விலகலைத் தாலமி 2ஆம் நூற்றாண்டிலேயே அறிந்தார், இந்தியாவில் முஞ்சாலர் 10ஆம் நூற்றாண்டில் தம் லகுமானசத்தில் சேர்த்தார். அப்படியிருக்க வாக்கியம் ஏன் ஏற்கவில்லை? பிடிவாதம் ஒரு பங்காக இருக்கலாம். அமைப்பே இடம் கொடுக்கவில்லை என்பதுதான் வலுவான காரணம். இந்த விலகல் சூரியன் இருக்கும் இடத்தையும் பொறுத்தது. 248 நாளில் அமாவாசைகள் முழு எண்ணாக அடங்குவதில்லை, சுமார் 8.4 மாதம் ஆகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் அரைநிலவு வேறு வேறு வாக்கியத்தில் விழும். ஒற்றை வரிசை மனப்பாடத்துக்குள் அதை அடக்க வழியில்லை.

சென்னை வானியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி 19ஆம் நூற்றாண்டில் கண்ணால் கண்டு ஒப்பிடும் திருக்கணிதத்தை வலியுறுத்தியதன் நியாயம் இங்கே இருக்கிறது. திதி என்பது வானில் நடக்கும் நிகழ்வு என்று ஏற்றுக்கொண்டால், இன்றைய தேவைக்குத் திருக்கணிதமே சரி. வாக்கியத்தை மதிப்பதற்காக அதன் பிழையை மறைக்க வேண்டியதில்லை. ஐயம் இருப்பவர்கள் இவ்வாண்டின் வாக்கியப் பஞ்சாங்கத்தையும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்கட்டும்: பௌர்ணமி முடியும் நேரம் இரண்டிலும் நெருங்கியே இருக்கும்; அஷ்டமியை ஒட்டிய திதிகளில் வேறுபாடு சில மாதங்களில் ஐந்து மணி நேரம் வரை போகும்.