மீன் தீவனத்தில் கலப்பது மருந்தா, ஊட்டமா?

திகன நகரை அடுத்துள்ள விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பிடிபடும் திலாப்பியாவுக்கு யாரும் தீனி போடுவதில்லை. நீரில் உள்ள பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்றே அது வளர்கிறது. அதே மீனைத் தொட்டியிலோ கூட்டிலோ நெருக்கமாக வளர்த்தால் தீவனம் வாங்கியாக வேண்டும். பண்ணைச் செலவில் பாதிக்கும் மேல் பெரும்பாலும் அதற்கே போகிறது.

மீன்தூள் விலை அதிகம் என்பதால் சோயாப் புண்ணாக்கு, தேங்காய்ப் புண்ணாக்கு, அரிசித் தவிடு ஆகியவை அதன் இடத்தைப் பிடிக்கின்றன. இது ஏழை நாடுகளின் சமாளிப்பு மட்டுமல்ல. 1990இல் நோர்வேயின் சல்மன் தீவனத்தில் சுமார் 90 வீதம் கடலிலிருந்து வந்தது. 2013இல் அது 30 வீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஆனால், தாவரத் தீவனத்தில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, சோயாப் புரதத்தில் மெதியோனின் என்னும் அமினோ அமிலம் மீன்தூளில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். தேங்காய்ப் புண்ணாக்கில் லைசின் போதாது. இரண்டாவது, பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. சூடாக்கினால் அது பெருமளவு அழிந்துவிடும். மூன்றாவது, தானியங்களிலும் வித்துக்களிலும் உள்ள பொசுபரசில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கும் நொதியம் மீனின் குடலில் போதிய அளவு இல்லை.

சேர்மானங்கள் தேவைப்படுவது இதனால்தான். குறையும் அமினோ அமிலத்தைத் தனியே கலக்கிறார்கள். பைட்டேட்டை உடைக்க, ஒரு கிலோ தீவனத்துக்குப் பொதுவாக 500 முதல் 1,000 அலகு வரை பைட்டேஸ் நொதியம் சேர்க்கிறார்கள். தீவனத்தைக் குறுணையாக்கும் சூட்டில் பைட்டேஸ் செயலிழந்துவிடக்கூடும். ஆகவே, பல ஆலைகள் குறுணை ஆறிய பிறகு அதைத் தெளிக்கின்றன. இவை ஹோர்மோனும் அல்ல, நுண்ணுயிர்க் கொல்லியும் அல்ல. 'மருந்து போட்ட மீன்' என்று இவற்றையும் சேர்த்துப் பயப்படத் தேவையில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது இவை இல்லாத மலிவான தீவனத்தைப் பற்றித்தான். செரிக்காத பொசுபரசு கழிவோடு தண்ணீரில் கலந்து பாசிக்கு உரமாகிறது. மகாவலியின் மேற்பகுதியில் உள்ள கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இல் மைக்ரோசிஸ்டிஸ் பாசி பெருகியது. இந்த வகைப் பாசி ஈரலைப் பாதிக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடியது. கண்டி நகரின் கழிவுநீரும் மெதஎல வழியாக மகாவலியில் சேர்ந்து விக்டோரியாவுக்கே வருகிறது. அந்தச் சுமையோடு கூட்டு மீன் வளர்ப்பின் பொசுபரசும் சேரக்கூடாது.

எனவே, தீவனம் வாங்குபவர் புரத வீதத்தோடு நின்றுவிடாமல் இன்னும் மூன்று கேள்விகள் கேட்கலாம். மெதியோனினும் லைசினும் எவ்வளவு? பைட்டேஸ் சேர்த்திருக்கிறதா? சேர்த்திருந்தால், சூடாக்குவதற்கு முன்பா, பின்பா? பதில் இல்லாத மூட்டை விலை குறைவாக இருக்கலாம். மீன் மெதுவாக வளர்வதால் அந்த மிச்சம் பண்ணைக்காரருக்குத் தங்காது. பாசி படிந்தால் மீதிச் செலவு அந்தத் தண்ணீரை நம்பியிருக்கும் எல்லோர் தலையிலும் விழும்.