உயரமும் கடனும்



எங்கள் துரொண்ட்ஹெய்மில் முங்கேகாத்தா வீதியில் நின்றால் ஒரு பக்கம் நிடாரோஸ் பேராலயத்தின் கூம்பு, மறுபக்கம் கடலில் முங்ஹோல்மன் தீவு. 1681 இல் நகரம் எரிந்தபின், தீ வீட்டுக்கு வீடு தாவாதிருக்க சிசின்யோன் என்ற இராணுவ அதிகாரி வரைந்த அகல வீதி இது. பேராலயத்துக்கு மேலாகத் தெரிவது 1985 இல் கட்டிய 124 மீற்றர் தீஹோல்ட் தொலைத்தொடர்புக் கோபுரந்தான். வானொலிக்காரனான எனக்கு அதில் பிழை சொல்ல மனம் வராது.

ஒஸ்லோ வேறு. பிரதான புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் 'பார்கோட்' என்ற உயர்ந்த கட்டட வரிசை, கடலை மறைக்கும் என்ற பலத்த எதிர்ப்புக்கு நடுவே, 2016 அளவில் கட்டி முடிந்தது.

நான் கணக்காளன், கட்டடத்தைக் கண்டால் கடனைத் தேடுவேன். அன்ட்ரூ லோரன்ஸ் என்ற பொருளியலாளர் 1999 இல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: உலகின் அதியுயர் கட்டடங்கள் பொருளாதாரம் சரியும் நேரத்திலேயே முடிகின்றன. நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் 1931, பெருமந்த காலம். கோலாலம்பூர் பெற்றோனாஸ் கோபுரங்கள் 1998, ஆசிய நெருக்கடி. காரணம் எளிது. கடன் மலிவாயிருக்கையில் அத்திவாரம் போடுகிறார்கள். கூரை போட வருடக்கணக்காகும். அதற்குள் காசு வற்றிவிடும்.

கொழும்பைப் பாருங்கள். நாங்கள் புறப்படும்போது அங்கே உயரமென்றால் 1987 இல் திறந்த 32 மாடி இலங்கை வங்கித் தலைமையகம். 1997 இல் உலக வர்த்தக மையம் வந்தது. திறந்து சில நாளிலேயே பக்கத்தில் குண்டு வெடித்தது. 2009 க்குப் பிறகு காலிமுகத்திடலைச் சுற்றி வரிசையாக எழும்பின. 350 மீற்றர் தாமரைக் கோபுரம் பெரும்பாலும் சீன எக்சிம் வங்கிக் கடன். வேலை தொடங்கியது 2012, திறப்புவிழா 2019 செப்டெம்பர். பொதுமக்கள் ஏற முடிந்ததோ 2022 செப்டெம்பரில். இடையில், 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென்று நாடு அறிவித்துவிட்டது. நாட்டை முறித்தது கோபுரமல்ல. வரிக்குறைப்பு, கோவிட், டொலர்த் தட்டுப்பாடு என்று நிறைய உண்டு. (யாழ்ப்பாணத்தின் 11 மாடிக் கலாசார மையம் இந்தியாவின் நன்கொடை. அதற்கு வட்டி இல்லை.)

அந்த ஆண்டு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியது. குரோனரில் உழைக்கும் எங்களுக்குக் கொழும்புத் தொடர்மாடி மலிவாகத் தெரிந்தது. ஆனால் சீமெந்தும் கம்பியும் விலை ஏறி, பல கட்டடங்கள் பாதியில் நின்றன.

முன்பணம் கட்டமுன் என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம் நான் கேட்பது: கட்டி முடிக்கும் கடன் எந்த வங்கியில், எந்த நாணயத்தில்? பெரும்பாலும் பதில் வராது. கடல் தெரியும் பக்கமா என்பதுமட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.