கயாக்குக்குச் சில்லு முளைத்த கதை

அமெரிக்காவின் ஹோபி நிறுவனம் 2009இல் வெளியிட்ட 'ப்ரோ ஆங்லர் 14' எண்ட மீன்பிடிக் கயாக்கை, கதிரை, மிதிபொறி எல்லாம் பொருத்தி நிறுத்துப் பார்த்தால் 60 கிலோவைத் தாண்டும். ஒரு பை சீமெந்து 50 கிலோ. சீமெந்துப் பையையாவது முதுகில போட்டுக்கொண்டு நடக்கலாம். இது பதின்மூன்றரை அடிக்கு மேல நீளம், கிட்டத்தட்ட ஒரு மீற்றர் அகலம். தனி ஆள் இதைத் தூக்கிக் காரின் கூரையில் வைக்கிறது லேசான வேலை இல்லை. அதனால் இந்த மாதிரிக் கயாக்கை வாங்குகிறவர் அடுத்ததாகத் தேடுவது ஒரு ட்ரெயிலரை. எங்கட உழவு இயந்திரப் பெட்டிக்குத் தம்பி முறையான, காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற சின்ன வண்டி.

எந்த ட்ரெயிலர் நல்லது, அதை எப்படிப் பொருத்துவது எண்டு சொல்லித் தர ஆட்கள் கனக்க இருக்கிறார்கள். எனக்கு வந்த கேள்வி வேறு. ஒரே ஒரு ஆளுக்காக உருவாகி, அந்த ஒரு ஆளே தூக்கிக்கொண்டு நடந்த ஓடம் இது. அது எப்படிச் சில்லு இல்லாமல் கடலுக்குப் போக முடியாத பொருளானது?

கயாக் ஆதியிலேயே வேட்டைக் கலம். கிறீன்லாந்து இனுயிட் வேட்டைக்காரர் அதைத் தன் உடம்பைக் கொண்டே அளந்தார். நீளத்துக்குக் கையை விரித்த அகலம், ஆழத்துக்குக் கைமுட்டியும் பெருவிரலும். அங்கே மரம் வளராது, கடலில் மிதந்து வருகிற மரந்தான் சட்டகம். அதன் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைப்பது பெண்களின் வேலை. தையலில் ஒரு நூல் பிசகினால் போனவர் திரும்பி வரமாட்டார். தனி ஆளின் ஓடம் எண்டு நாங்கள் சொல்லுறது ஒரு வீட்டின் உழைப்பில் மிதந்தது.

எங்கட கேள்விக்கு முக்கியமான விசயம் இந்தத் தோலில் இருக்கு. தோல் தண்ணியிலேயே கிடந்தால் ஊறிப்போகும், பிறகு அழுகும். ஒவ்வொரு முறையும் கரைக்கு எடுத்து உயர வைத்துக் காயவிட வேணும். ஆகவே கயாக்கைத் தூக்குவது நாளாந்த வேலை. நாளாந்தம் தூக்க வேண்டிய ஒன்றை யாரும் பாரமாகச் செய்யமாட்டார்கள்.

பேரிங் கடல் பக்கம், அலாஸ்காவின் நுனிவாக் தீவுக் கயாக்குகளில் முன் மூக்கிலேயே ஒரு பெரிய ஓட்டை வைத்திருப்பார்கள். பிடித்துத் தூக்குவதற்கும் அது உதவியது. அதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பக்கத்து யூபிக் மக்களின் இன்னொரு ஏற்பாடு. வசந்த காலத்தில் கடல்நாய் வேட்டைக்குப் போகும்போது கரையோரம் முழுக்க உறைபனி. திறந்த தண்ணி தூரத்தில் கிடக்கும். அதுவரைக்கும் கயாக்கை ஒரு குட்டிச் சறுக்கு வண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு போவார்கள். தண்ணி வந்ததும் கயாக்கை இறக்கி, அந்த வண்டியைக் கயாக்கின் பின்முதுகில் ஏற்றிக்கொண்டு துடுப்புப் போடுவார்கள். மறுபடி பனி வந்தால் மறுபடி இடம் மாற்றம். 1877 தொடக்கம் 1881 வரை அங்கே தங்கியிருந்த எட்வர்ட் நெல்சன், 1899இல் வெளியான தன் பெரிய நூலில் அந்தப் பகுதி மக்களின் கயாக்குகளையும் சறுக்கு வண்டிகளையும் விபரமாகப் பதிவு செய்திருக்கிறார். கயாக் ட்ரெயிலரின் வரலாற்றை எழுதுவதெண்டால் என்னைப் பொறுத்தவரை இங்கேயிருந்துதான் தொடங்க வேணும்.

ஐரோப்பாவுக்குக் கயாக் வந்து விளையாட்டாக மாறியபோது பிரச்சினையும் மாறியது. நகரத்துக்காரனின் வீடு ஆற்றங்கரையில் இல்லை. 1905இல் மியூனிக்கில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த அல்பிரட் ஹொய்ரிக் எண்ட மாணவர், மூங்கில் சட்டகமும் பாய்த்துணியும் கொண்டு மடிக்கக்கூடிய கயாக் ஒன்றைச் செய்து இசார் ஆற்றில் ஓட்டிப் பார்த்தார். 1907இல் ரோசன்ஹைம் ஊர்த் தையற்காரர் யோகான் கிளெப்பர் அதன் உரிமையை வாங்கித் தயாரிக்கத் தொடங்கினார். கிறீன்லாந்தில் தையற்காரியிடம் இருந்த கயாக், ஜேர்மனியிலும் ஒரு தையற்காரரிடமே போய்ச் சேர்ந்தது. தற்செயல்தான், ஆனாலும் அழகான தற்செயல்.

மடித்தால் பை, விரித்தால் ஓடம். கார் இல்லாதவர், படகுக் கொட்டில் இல்லாதவர், மாடி வீட்டில் குடியிருந்தவர் எல்லாரும் பையைத் தோளில் போட்டு ரயில் ஏறி, மேல் ஆற்றில் இறங்கி, கீழே இன்னொரு நிலையத்தில் ஏறி வீடு வந்தார்கள். முதலாம் உலகப் போருக்குப் பிந்திய ஜேர்மனியில் இது பெரிய மோகம். பையில் அடங்குகிற ஓடம் எண்டு குறைத்து எடைபோட ஏலாது. 1956இல் ஹன்னெஸ் லின்டமன் எண்ட மருத்துவர் கிளெப்பர் கயாக் ஒன்றில் 72 நாளில் அத்திலாந்திக்கைக் கடந்தார். 1942இல் பிரித்தானியப் படையினர் பத்துப் பேர் மடிப்புக் கலங்களை நீர்மூழ்கியில் கொண்டுபோய் போர்தோ துறைமுகத்தைத் தாக்கப் புறப்பட்டார்கள். திரும்பி வந்தது இரண்டு பேர்.

போருக்குப் பிறகு ரயிலின் இடத்தைக் கார் பிடித்தது. கயாக் மடிய வேண்டிய தேவை இல்லாமல் போனது. 1950களில் கண்ணாடியிழை வந்தது. கூரையில் இரண்டு குறுக்குச் சட்டம், அதன் மேல் கயாக். இந்தக் காலத்தில் ஒரு கயாக் எவ்வளவு பாரமாக இருக்கலாம் எண்டதைத் தீர்மானித்தது காரின் கூரையும் அதன் உயரத்துக்கு எத்துகிற மனிசரின் தோளும்.

பிறகு வந்தது பிளாஸ்டிக். 1973இல் ஹொலோஃபோம் நிறுவனத்தின் 'ரிவர் சேஸர்' சுழல் அச்சில் வார்த்த பொலிஎதிலீன் கயாக்காக வெளிவந்தது. எங்கட வீட்டுத் தண்ணித் தாங்கிகளைச் செய்கிற அதே முறைதான்: அச்சுக்குள் தூளைப் போட்டுச் சூடாக்கி உருட்டுவது. கல்லில் மோதினாலும் உடையாது, ஊறாது, அழுகாது, காய வைக்கவும் தேவையில்லை. நாளாந்தம் தூக்க வேணும் எண்ட கட்டாயத்தோடு, பாரமில்லாமல் செய்ய வேணும் எண்ட கட்டுப்பாடும் போய்விட்டது.

இதே ஆண்டுகளில் கலிபோர்னியாவின் மாலிபுவில் டிம் நீமியர் எண்டவர் பழைய சேர்ஃப் பலகை ஒன்றில் இருக்கக் குழி தோண்டி, கயாக்கின் மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வடிவத்தைக் கண்டுபிடித்தார். 'ஓஷன் கயாக்' நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். மேலே இருப்பது, அலை ஏறினால் தண்ணி தானாக வடிவது, கவிழ்ந்தாலும் அமிழாதது. இதை வாசிக்கிற எங்கட ஆட்களுக்கு ஒரு பழைய சாமான் ஞாபகம் வரவேணும். கட்டுமரமும் அதே தத்துவந்தான். வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தன் பயண நூலில் சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் போய் இரட்டை உடல் படகுக்குப் பெயராகி, கடைசியில் 'கற்' எண்டு சுருங்கியது. 1960களின் கடைசியில் சேர்ஃப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஓல்டர் மணலிலிருந்து நேரே அலைக்குள் தள்ளக்கூடிய ஒரு பாய்ப்படகைச் செய்து 'ஹோபி கற்' எண்டு பெயர் வைத்தார். முதல் பந்தியில் வந்த 60 கிலோ கயாக்கைச் செய்கிற நிறுவனம் அதுதான். அதன் பெயரில் எங்கட 'கட்டு' ஒட்டிக்கொண்டிருக்கு.

கட்டுமரமும் தோல் கயாக்கைப் போலக் காய வேண்டிய சாமான். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் பரப்பி விடுவார்கள். ஈரமான மரம் பாரம், பாரமான மரம் தாழும். அவிழ்த்தால் ஒவ்வொரு மரமாகத் தூக்கலாம். ஒரு கலத்தைத் துண்டுகளாக்கித் தூக்குகிற யோசனையில் எங்கட கரையார் கிளெப்பருக்கு மூத்தவர்கள்.

திரும்பக் கலிபோர்னியாவுக்கு வருவம். மீன் பிடிக்கிறவருக்குக் கயாக்கில் ஒரு அடிப்படைப் பிரச்சினை இருக்கு: துடுப்புக்கு இரண்டு கை வேணும், தூண்டிலுக்கும் இரண்டு கை வேணும். 1997இல் ஹோபி கொண்டுவந்த மிதிபொறி துடுப்பைக் காலுக்கு மாற்றியது. கை விடுபட்டதும் பாரம் ஏறத் தொடங்கியது. எழும்பி நின்று வீச அகலம் கூடியது. உயர்ந்த கதிரை வந்தது, மீன் தேடும் கருவி வந்தது, அதுக்கு பற்றறி வந்தது, ஐஸ் பெட்டி வந்தது. ஒவ்வொன்றும் நியாயமான தேவைதான். எல்லாம் சேர்ந்தபோது கூரை தோற்றுப்போனது.

ட்ரெயிலர் தெரிவு செய்கிற இடத்தில் இந்த வரலாறு அப்படியே கிடக்கிறதைக் காணலாம். சந்தையில் கிடைக்கிற படகு ட்ரெயிலர்கள் பெரும்பாலும் மோட்டார்ப் படகுக்காகச் செய்தவை. அரை தொன் தாங்குகிற வில்லுத்தகட்டில் 60 கிலோவை வைத்தால் வில் அசையாது. றோட்டின் ஒவ்வொரு குழியும் நேரே கயாக்கின் அடியில் குத்தும். அதனால் தாங்கும் அளவு குறைந்த ட்ரெயிலரை எடுப்பார்கள், அல்லது வில்லுத்தகட்டில் ஒன்றைக் கழற்றி விடுவார்கள். பிளாஸ்டிக் வெய்யிலில் இளகும். குறுக்குச் சட்டம் இரண்டில் மட்டும் பாரம் நின்றால் அடியில் குழி விழும். நீளவாக்கில் கம்பளம் சுற்றிய இரண்டு தாங்குகட்டை போட்டால் பாரம் பரவும். பட்டியைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கக் கூடாது, அதுவும் நசிக்கும். இழுதண்டு நீளமாக இருக்க வேணும். நாலு மீற்றர் கயாக்கின் மூக்கு, திரும்பும்போது காரில் இடிக்கக் கூடாது. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகக் கொளுக்கியில் இறங்க வேணும். பின்பாரம் கூடினால் ட்ரெயிலர் பாம்பு மாதிரி ஆடும்.

சில்லு விசயத்தில் நான் பெரிய சில்லின் பக்கம். எட்டு அங்குலச் சில்லு அதே தூரத்துக்குக் கூடத் தரம் சுத்தும், பெயாரிங் சூடாகும். சூடான பெயாரிங்கைத் தண்ணிக்குள் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கி வெளித் தண்ணியை உள்ளே உறிஞ்சும். உப்புத் தண்ணியெண்டால் கொஞ்ச நாளில் பெயாரிங் போச்சு. மோட்டார்ப் படகுக்காரருக்கு வேறு வழியில்லை. கயாக்காரர் ட்ரெயிலரைத் தண்ணிக்குள் இறக்கவே தேவையில்லை. பின்னால் வழுக்கி இறக்கலாம். ஏற்றும்போதும் முதலில் மூக்கைத் தூக்கித் தாங்குகட்டையில் வைத்து, பிறகு பின்னால் போய்த் தூக்கித் தள்ளுவது. ஒரு நேரத்தில் பாதிப் பாரந்தான் கையில் வரும். இரண்டாவது ஆளின் வேலையை ட்ரெயிலர் செய்கிறது.

எங்கட கரைகளிலும் ஆளின் இடத்துக்குச் சில்லு வந்த கதை இருக்கு. வாடிக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் தோள் கொடுத்து ஏற்றின படகுகள் பைபராகி, இயந்திரம் பூட்டிப் பாரமாகின. முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்குப் பக்கம் ஆட்கள் கூடி இழுத்த கரைவலையை உழவு இயந்திரத்தில் பூட்டின வின்ச் இழுக்கத் தொடங்கியபோது அது தொழிலாளர் பிரச்சினையாகவே வெடித்தது. அங்கே கை இழந்தது கூலியை. கலிபோர்னியாவில் பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவர் இழந்தது பக்கத்தில் நிற்க ஒரு கூட்டாளியை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை.

ஆனால் அவர் இழந்தது இன்னொன்றும் இருக்கு. தோளில் போகிற கயாக் எந்தப் பற்றைக்குள்ளாலும் தண்ணிக்கு இறங்கும். ட்ரெயிலருக்கு றோட்டு வேணும். அமெரிக்காவில் 1950இல் வந்த டிங்கல் - ஜோன்சன் சட்டம் தூண்டில் சாமான்களின் வரியை மாநிலங்களின் மீன்வளத்துக்குத் திருப்பியது. 1984இல் வந்த வாலப் - புரோ திருத்தம் படகு எரிபொருள் வரியையும் சேர்த்து, அதில் ஒரு பங்கைக் கட்டாயம் மோட்டார்ப் படகு இறங்குகிற வசதிகளுக்குச் செலவழிக்க வேணும் எண்டது. நாடு முழுக்கச் சீமெந்து இறங்குதுறைகள் எழும்பின. ஞாயிறு காலையில் எங்கேயும் இறங்கக்கூடிய ஓடத்தோடு வந்தவர், சீமெந்துத் துறையில் மோட்டார்ப் படகுகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார். தூண்டில் வரியை அவரும் கட்டினவர்தான்.

வரிசையில் நிற்க விரும்பாதவர்களிடம் இன்னொரு சாமான் இருக்கு: கைவண்டி. இரண்டு சில்லு, நடுவில் மேல்நோக்கி நிற்கிற இரண்டு குழாய். மேலே இருந்து ஓட்டுகிற கயாக்கில் தண்ணி வடிய வைத்த ஓட்டைகளுக்குள்ளேயே அந்தக் குழாய்களைக் கீழேயிருந்து செருகி விடலாம். ட்ரெயிலரை றோட்டோரம் விட்டுவிட்டு, கயாக்கை மணலுக்குள்ளால் உருட்டிக்கொண்டு போய் அலையோரம் நிறுத்தி, வண்டியைக் கழற்றிக் கயாக்கின் பின்பக்கத்தில் கட்டி வைத்துக்கொண்டு கடலுக்குள் போகிறார்கள். அலாஸ்காவில் யூபிக் வேட்டைக்காரர் தன் சறுக்கு வண்டியை வைத்த அதே இடத்தில்.