தலைக்கு எவ்வளவு புகை? - பருவநிலைப் பேச்சுவார்த்தைகளில் இந்தியா

புவி வெப்பமடைதல் பற்றி உலக நாடுகள் கூடிப் பேசும்போதெல்லாம் இந்தியா ஒரே கேள்வியைத்தான் கேட்டு வந்திருக்கிறது. ஒரு நாடு மொத்தமாக எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது என்று ஏன் பார்க்கிறீர்கள், தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள் என்பதே அது. ஆட்சிகள் மாறின, பிரதமர்கள் மாறினார்கள், இந்த வாதம் மட்டும் மாறவில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு இந்தியா நடந்துகொண்ட விதம் நிறையவே மாறியிருக்கிறது.

வாதம் பிறந்த கதை

1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் மாநாடு நடந்தது. மாநாட்டை நடத்திய ஸ்வீடனின் பிரதமரைத் தவிர அங்கே வந்திருந்த ஒரே பிரதமர் இந்திரா காந்திதான். வறுமையும் இல்லாமையும்தானே எல்லாவற்றையும் விடப் பெரிய மாசு என்று அவர் கேட்டார். பருவநிலை மாற்றம் அன்று பெரிய பேச்சாக இல்லை. ஆனாலும் பின்னால் வந்த அரசுகள் எல்லாம் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நின்றன.

1990-ல் ஒரு அமெரிக்க ஆய்வு நிறுவனம், அதிக வாயு வெளியிடும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவையும் முன்வரிசையில் வைத்தது. டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-ல் அதற்குப் பதில் எழுதினார்கள். ஏழை விவசாயியின் நெல் வயலிலிருந்து வரும் மீத்தேனும், பணக்கார நாட்டின் கார்கள் விடும் புகையும் ஒன்றா? ஒன்று பிழைப்புக்காக, இன்னொன்று சொகுசுக்காக. காற்று மண்டலம் எல்லோருக்கும் பொது என்றால் அதில் எல்லோருக்கும் சம பங்கு வேண்டும் என்றார்கள்.

1992-ல் ரியோ மாநாட்டில் கையெழுத்தான ஐ.நா. ஒப்பந்தத்தில், பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை என்ற கொள்கை இடம்பெற்றது. 1997-ல் வந்த கியோட்டோ உடன்படிக்கை, வளர்ந்த நாடுகளுக்கு மட்டுமே கட்டாய இலக்கு வைத்தது. இந்தியாவுக்கு எந்த இலக்கும் இல்லை.

முடியாது என்ற காலம்

இது அமெரிக்காவுக்குப் பிடிக்கவில்லை. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இல்லாத கட்டுப்பாடு எங்களுக்கு மட்டும் எதற்கு என்று கேட்டு, 2001-ல் அதிபர் புஷ் கியோட்டோவைக் கைகழுவினார். அடுத்த ஆண்டே பருவநிலை மாநாடு டெல்லியில் நடந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் டி.ஆர்.பாலு. வளரும் நாடுகள் மீது புதிய சுமை ஏற்றும் பேச்சுக்கே இடமில்லை என்று பிரதமர் வாஜ்பாய் அங்கே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

2007-ல் ஜெர்மனியில் நடந்த ஜி-8 கூட்டத்தில் மன்மோகன் சிங் இதே வாதத்தை ஒரு வாக்குறுதியாக மாற்றினார். இந்தியாவின் தலா வெளியீடு வளர்ந்த நாடுகளின் தலா வெளியீட்டை ஒருபோதும் தாண்டாது என்றார். கெட்டிக்காரத்தனமான வாக்குறுதிதான். பணக்கார நாடுகள் குறைத்தால்தானே இந்தியாவின் உச்சவரம்பும் குறையும்!

திருப்பம்

பெரிய மாற்றம் 2009-ல் வந்தது. உற்பத்தியாகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் வாயுவின் அளவை, 2005-ஐ ஒப்பிட்டு 2020-க்குள் 20 முதல் 25 சதவீதம் குறைப்போம் என்று அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மக்களவையில் அறிவித்தார். கேட்காமலே ஏன் கொடுக்கிறீர்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. கோபன்ஹேகன் மாநாட்டின் கடைசி நாளில் இந்தியா, சீனா, பிரேசில், தென்னாப்பிரிக்கா தலைவர்கள் பேசிக்கொண்டிருந்த அறைக்குள் ஒபாமா தானே நுழைந்து உட்கார்ந்தார். அங்கே பேசி முடித்ததுதான் கோபன்ஹேகன் ஒப்பந்தம்.

2011-ல் டர்பன் மாநாட்டில் இழுபறி விடிய விடிய நீடித்தது. எல்லா நாடுகளையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்றது ஐரோப்பா. கோடிக்கணக்கான ஏழைகளின் வாழ்க்கையை அடகு வைத்து எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று வாதாடினார் அமைச்சர் ஜெயந்தி நடராஜன். கடைசியில் ஒரு சொற்றொடரை மாற்றி இரு தரப்பும் சமாதானம் ஆயின. அந்த வழிதான் 2015-ல் பாரிஸ் ஒப்பந்தத்துக்குக் கொண்டுபோனது. அங்கே எல்லா நாடுகளும் அவரவர் இலக்கை அவரவரே வைத்துக்கொண்டன.

2021-ல் கிளாஸ்கோவில், 2070-க்குள் நிகர வெளியீட்டைப் பூஜ்ஜியமாக்குவோம் என்றார் பிரதமர் மோடி. அதே மாநாட்டின் கடைசி நேரத்தில், நிலக்கரியை ஒழிப்பது என்ற வார்த்தையைக் குறைப்பது என்று மாற்ற வைத்ததும் இந்தியாதான். 2024-ல் பாகு மாநாட்டில் ஏழை நாடுகளுக்கு 2035-க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் என்று முடிவானபோது, அது போதவே போதாது என்று இந்தியா வெளிப்படையாக எதிர்த்தது.

வீட்டுக்குள் அதே கேள்வி

இந்தியாவின் வாதம் நியாயமானதா? எண்கள் ஆம் என்றே சொல்கின்றன. மொத்த வெளியீட்டில் இந்தியா உலகில் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. ஆனால் தலைக்குக் கணக்குப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயுதான். அமெரிக்கருக்கோ சுமார் 14 டன்.

ஆனால் இந்த 2 டன் ஒரு சராசரி. விறகடுப்பில் சமைக்கும் குடும்பமும், அறைக்கு ஒரு ஏ.சி. வைத்திருக்கும் குடும்பமும் சேர்ந்ததுதான் அந்தச் சராசரி. இந்தியாவின் பணக்காரர்கள் ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்று கிரீன்பீஸ் இந்தியா 2007-லேயே ஒரு அறிக்கை வெளியிட்டது. வெள்ளமும் வறட்சியும் வரும்போது முதலில் அடிபடுவது அந்த ஏழைகள்தான்.

மாநாட்டு மேடையில் அவர்கள் பெயரைச் சொல்லித்தான் இந்தியா நேரமும் பணமும் கேட்டது. கிடைத்த நேரத்தில் மின்சாரமும், வெள்ளத்தைத் தாங்கும் வீடும், மழை பொய்த்தாலும் பிழைக்கும் வழியும் அவர்களுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது? பல வருடங்களாக உலகத்தைப் பார்த்துக் கேட்ட தலைக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு, இந்தியா தன் மக்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.