வேலைக்கு அமர்த்துமுன் பார்க்க வேண்டிய பத்திரங்கள்

உரும்பிராய் போன்ற ஊர்களின் சிறு கடைகளிலும் திருத்தகங்களிலும் ஆள் சேர்ப்பது பெரும்பாலும் வாய்மொழியாகவே நடைபெறுகிறது. "இன்னாருடைய மகன், தெரிந்த பிள்ளை" என்ற சொல்லே போதிய அத்தாட்சியாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் பிணக்கு ஏற்பட்டு விசாரணை என்று வரும்போது இந்த அறிமுகம் எவருக்கும் உதவுவதில்லை.

இலங்கைப் பிரஜை ஒருவர் தனது நாட்டில் தொழில் புரிவதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆகவே முதற் கேள்வி வயது பற்றியதே. 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதை 14 என வகுத்திருந்தது. 2021 இல் அது 16 ஆக உயர்த்தப்பட்டது. தேசிய அடையாள அட்டையோ 15 வயது பூர்த்தியானவர்களுக்கே வழங்கப்படுகிறது. இந்த ஓராண்டு இடைவெளியைப் பலர் கவனிப்பதில்லை. அட்டை கையில் இருக்கிறதே என்று சிறுவன் ஒருவனைச் சேர்த்துக்கொள்ளும் முதலாளி சட்டத்தை மீறியவராகிவிடக்கூடும். 12 இலக்க அட்டையின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அவ்வாண்டில் பிறந்த நாளையும் குறிப்பன (பெண்களுக்கு அம்மூன்றுடன் 500 கூட்டப்பட்டிருக்கும்). அட்டையைப் பார்த்தால் மட்டும் போதாது. இலக்கத்தை வாசிக்கவும் வேண்டும்.

16 வயதுக்கு மேற்பட்டு 18 நிரம்பாதவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தலாகாது. கைத்தொழில் நிறுவனங்கள் இத்தகையோரின் பிறந்த திகதிகளைக் குறித்த பதிவேடொன்றையும் பேணவேண்டும். பிறப்புச் சான்றிதழின் பிரதியை உரும்பிராய் மக்கள் கோப்பாய் பிரதேச செயலகத்திற் பெறலாம். போரினால் இடம்பெயர்ந்தவர்களும், 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் வீடுகளோடு பத்திரங்களையும் இழந்தார்கள். பிறப்புப் பதிவைக் கண்டெடுக்க முடியாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி உண்டு. பத்திரம் இல்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவதிலும் இந்த வழியைச் சொல்லிக்கொடுப்பது நன்று.

வயதும் அடையாளமும் உறுதியானபின், கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி நியமனக் கடிதம் வழங்கப்படவேண்டும். ஊழியர் சேமலாப நிதியத்திற்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதமும் தொழில்கொள்வோரிடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்திற்குத் தொழில்கொள்வோர் மட்டும் 3 வீதமும் செலுத்துதல் வேண்டும். தற்காலிக ஊழியர், பயிலும் காலம் என்ற சாட்டுகள் இங்கு செல்லா. அடையாள அட்டை இலக்கத்தில் ஓர் எண் பிழைத்தாலும் 55 வயதில் (பெண்களாயின் 50 இல்) பணத்தைக் கோரும்போது அலைய வேண்டியவர் தொழிலாளியே.

ஊரில் வயது எந்த இடத்தில் நிற்கிறதோ, புலம்பெயர்ந்த நாட்டில் அந்த இடத்தில் விசா நிற்கிறது. பிரித்தானியாவில் கடைகளும் எரிபொருள் நிலையங்களும் நடத்தும் நம்மவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பதுண்டு. அங்கு 2006 ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிட, குடியுரிமைச் சட்டத்தின் ஏற்பாடுகள் 2008 பெப்ரவரி 29 முதல் நடைமுறையில் உள்ளன. வேலை தொடங்குமுன்னரே உரிமையைச் சோதித்து, அதற்கான பிரதியை வேலைக்காலம் முழுவதும், விலகியபின் மேலும் இரண்டு ஆண்டுகளும் வைத்திருத்தல் வேண்டும். தகுதியற்ற ஒருவரை வைத்திருந்தால் முதல் மீறலுக்கே 45,000 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம். இத்தொகை 2024 பெப்ரவரியில் உயர்த்தப்பட்டதாகும். முறையாகச் சோதித்ததற்கான பதிவே முதலாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. வெளிநாட்டவராகத் தோன்றுவோரை மட்டும் சோதிப்பது பாகுபாடாகிவிடும் என்பதால், அண்ணன் மகனானாலும் அயலவரானாலும் எல்லோரிடமும் ஒரே விதமாகக் கேட்கவேண்டும்.

மாணவர் விடயத்திற் கூடுதல் அவதானம் தேவை. பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் பொதுவாக வாரத்திற்கு 20 மணித்தியாலங்களே வேலை செய்யலாம். ஆகவே அவரது பல்கலைக்கழகத்தின் தவணை, விடுமுறைத் திகதிகளுக்கான சான்றும் கோப்பில் இருத்தல் வேண்டும்.