வர்மமும் அக்குபங்சரும்: தோற்ற உறவு குறித்த மீள்நோக்கு

திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தில், பொன்முடிக்குச் செல்லும் மலைப்பாதையில் உள்ளது கல்லாறு. இங்குள்ள காணி இனத்து மருத்துவர் இலட்சுமிக்குட்டி அம்மாள் மூலிகை மருத்துவத்திற்காக 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இம்மலைத்தொடரிலேயே அகத்தியர்கூடமும் உள்ளது. அகத்தியர் பெயரால் வழங்கும் வர்ம நூல்களைத் தென் திருவிதாங்கூர் ஆசான்மார் ஏட்டுச்சுவடிகளாகப் போற்றி வந்தனர். வர்மமே போகர் வழியாகச் சீனம் சென்று அக்குபங்சர் ஆயிற்று என்னும் கருத்து நம்மிடையே பரவலாக வழங்குகிறது. இக்கருத்து எந்த அளவிற்குச் சான்றுடையது என்பது ஆராயத்தக்கது.

சீன மருத்துவத்தில் 'சி' எனப்படும் உயிராற்றல் உடலின் நாளங்கள் வழியே ஓடுகிறது. ஓட்டம் தடைப்பட்டாலோ மிகுந்தாலோ நோய் தோன்றும். நாளத்தின்மீது அமைந்த புள்ளியில் மெல்லிய ஊசியைச் செருகி, திருகியும் உயர்த்தியும் தாழ்த்தியும் அவ்வோட்டத்தைச் சீர்செய்வர். நோயாளி அவ்விடத்தில் கனத்தையோ மதமதப்பையோ உணர்வதே ஊசி பயன் தந்ததற்கு அடையாளம். இம்முறை ஒரே நாளில் முழுவடிவம் பெற்றதன்று. 1973இல் மாவாங்துய் கல்லறையில் கிடைத்த பட்டுச்சுவடிகள் கி.மு. 168இல் புதைக்கப்பட்டவை. அவை 11 நாளங்களைக் கூறுகின்றன. ஆயின் பெயரிட்ட புள்ளிகளைக் கூறவில்லை. சிகிச்சையும் ஊசியால் அன்று, மூலிகையைக் கொளுத்திச் சூடிடுதலால். பின்னர்த் தொகுக்கப்பட்ட 'மஞ்சள் பேரரசர் உள்நூல்' 12 நாளங்களையும் ஊசி முறையையும் விரிக்கிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி 349 புள்ளிகளைத் தொகுத்தார். அஃதாவது, சீனத்தில் நாளம் முந்தியது, புள்ளி பிந்தியது.

வர்மத்தின் அமைப்போ இதற்கு நேர்மாறானது. அங்குப் புள்ளியே முதன்மை. வர்மங்கள் 108 எனவும், அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 எனவும் பகுப்பர். இப்பகுப்பு அடிபட்டால் நேரும் விளைவை ஒட்டியது. அடிபட்டவனை எத்தனை நாழிகைக்குள் மீட்க வேண்டும் என்னும் கணக்கும் நூல்களில் உண்டு. சிகிச்சையும் அடங்கல் தலத்தைத் தூண்டல், இளக்குமுறை, தடவுமுறை எனக் கையாலும் எண்ணெயாலும் நிகழ்வது. போர்க்களத்துக் காயமே இவ்வறிவின் தாய் எனலாம். சுசுருத சங்கிதையின் 107 மர்மங்களும் காயத்தின் விளைவைக் கொண்டே ஐவகைப்படுகின்றன. எனவே வர்மத்திற்கு உறவு தேடுவோர் சீனத்தினும் இதனையே முதலில் நோக்குதல் தகும்.

புருவமையம் போன்ற சில இடங்கள் இரு முறையிலும் சிறப்பிடம் பெறுவது உண்மையே. அதனை மட்டும் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனல் பொருந்தாது. மனித உடல் எங்கும் ஒன்றே. நொந்த இடத்தை அழுத்திப் பார்க்கும் கையும் எங்கும் உண்டு. போகர் கதை பிற்கால மரபு. அதனை மாவாங்துய் சுவடிகளுக்கு எதிராக நிறுத்த இயலாது.

தற்கால ஆய்வும் இங்குக் கருதத்தக்கது. ஊசி குத்துதல் உடலின் இயற்கை வலிநீக்கியான எண்டார்பினைச் சுரக்கச் செய்கிறது என்பதற்கு 1970களில் சான்று கிடைத்தது. ஆயினும் முதுகுவலி குறித்த பெரிய ஆய்வுகள் சிலவற்றில், உரிய புள்ளியில் குத்தியதற்கும் பிற இடத்தில் குத்தியதற்கும் பயனில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. நாளங்களுக்குரிய தனி உறுப்பை உடற்கூற்றியலும் கண்டறியவில்லை. இத்தகைய சோதனை வர்மத்திற்கும் தேவை; சீனத் தொன்மையை உரிமை கொண்டாடுவது அதற்கு ஈடாகாது.

1956 நவம்பர் 1இல் கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தோடு இணைந்தன. நெடுமங்காடும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. வர்ம மரபு வழங்கிய நிலப்பரப்பும் இவ்வாறு இரு மாநிலத்ததாயிற்று. காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்தில் தமிழ்ச் சுவடிகளும் உள்ளன. குமரி மாவட்ட ஆசான்மாரின் ஏடுகளை அவற்றோடு ஒப்பிட்டு, எந்த நூல் எக்காலத்தது என்று முதலில் வரையறுத்தல் வேண்டும்.