கிட்டங்கிக் கணக்கும் ஒன்பது வயதுப் பரீட்சையும்

இன்று வங்கிக் கோபுரங்கள் வானத்தை மறைத்து நிற்கும் சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில், நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் வட்டித்தொழில் கிட்டங்கிகள் நிறைந்திருந்த காலத்தில், செட்டிநாட்டிலிருந்து மீசை அரும்பும் வயதில் கப்பலேறி வந்த பெட்டியடிப் பையன், தரையில் மரப்பெட்டியின் முன் அமர்ந்து, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரியும் எண்பதில் ஒன்றான காணியும் இருபதில் ஒன்றான மாவும் கலந்த கணக்கை மனத்திலேயே பெருக்கி நடப்பு வட்டியைச் சொல்வதைக் கண்டவர்கள், அந்த வித்தை செட்டியார்களின் ரத்தத்தில் ஊறியதென்றே எண்ணினார்கள். ரத்தத்தில் ஊறியதோ இல்லையோ, நாவில் ஊறியது நிச்சயம். திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் விரல் தேய எழுதி, எண்சுவடியைத் தொண்டை வறள ஒப்பித்து, பிறகு கடையில் அடுத்தாளிடமும் மேலாளிடமும் குட்டுப்பட்டுத் தேர்ந்த பயிற்சி அது; பரம்பரைச் சொத்துதான் என்றாலும், நிலபுலனைப் போலத் தானாக வந்து சேராமல், ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருந்த சொத்து.

அதே நகரில் 1979ஆம் ஆண்டு, துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீ தலைமையிலான கல்வி ஆய்வுக் குழுவின் அறிக்கை, பள்ளியை இடையில் விட்டுச் செல்லும் பிள்ளைகளின் தொகையைக் கண்டு கவலையுற்று, தொடக்கநிலை மூன்றின் முடிவிலேயே மாணவர்களைத் தரம் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. நோக்கத்தைக் குறைகூற நான் துணியேன். ஆயினும், பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பேசாத மொழிகளில் பாடம் படிக்கிறார்கள் என்று அவ்வறிக்கையே ஒப்புக்கொண்டிருந்தபோது, ஒன்பது வயதுக் குழந்தையின் விடைத்தாளில் தெரிவது பிறவிச் சாமர்த்தியமா, மொழிப் பழக்கமா என்பதை எந்தப் பரீட்சகர் பிரித்தறிவது? அம்முறையில் ஒரே மொழி படிக்கும் ஒருமொழிப் பிரிவில் விழுந்த பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வே கிடையாது, தொழிற்பயிற்சிதான்.

1983 ஆகஸ்டில் பிரதமர் லீ குவான் யூ, இரட்டையர் ஆராய்ச்சிகளை ஆதாரமாகக் காட்டி, அறிவாற்றலில் 80 சதவீதம் பிறப்பால் வருவது என்றார். மறு ஆண்டே, பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஜனங்களின் அதிருப்தி பலமாக எழவே, 1985இல் அது கைவிடப்பட்டது. 1905இல் பாரிஸில் முதல் அறிவுச் சோதனையை வகுத்த ஆல்பிரட் பினே, உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறியவே அதை வகுத்தார் என்பதும், அறிவு வளராத பொருள் என்ற வாதத்தை அவரே கண்டித்தார் என்பதும் அந்நாளைய ஆரவாரத்தில் யாருக்கு நினைவிருந்திருக்கும்!

தொடக்கப்பள்ளியின் கடைசித் தரப்பிரிவு 2008இல் நீங்கியது. 2024இல் உயர்நிலைப் பள்ளியில் காலடி வைத்தவர்கள், விரைவுநிலை, வழக்கநிலை என்ற முத்திரையின்றி, பாடத்துக்குப் பாடம் வேறு வேறு நிலையில் படிக்கத் தொடங்கினார்கள். வட்டிக் கணக்கில் புலியான பையன் கடிதம் எழுதச் சொன்னால் திணறுவான் என்பது, அந்தக் காலத்து மேலாள் எவருக்கும் புதிய சேதி அல்ல.